தோற்றால் போட ஒரு போஸ்டர்

“கொஞ்சம் இருங்க சார், காதைத் தாண்டிட்டு வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு, லேப் அக்கா கம்ப்யூட்டர் திரையில் இருந்த மாணவியின் இடது காதை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கினார். காதுக்கு மேலே ஒற்றை முடி ஒன்று மற்ற முடிகளோடு சேராமல் எழும்பி நின்றது. மவுஸை நுனிவிரலால் நகர்த்தி, அந்த முடியின் ஓரத்திலேயே புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போனார். மதிய இடைவேளை முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே பக்கத்தில் கிடந்தது.

“தட்டினா பின்னணியைத் தானா வெட்டித் தர்ற பட்டன் ஒண்ணு இருக்காமே?” என்று நான் வாயைக் கொடுத்தேன்.

“அது காதையும் சேத்துத் தின்னுடும் சார். போன வருஷம் கோல்கீப்பர் பையனோட ஒரு விரலைத் தின்னுடுச்சு. நாலு விரலோட கையைத் தூக்கிட்டு நின்னான். அவங்க அம்மா பதறிப்போய் போன் பண்ணாங்க, என் புள்ளைக்குக் கையில என்ன ஆச்சுன்னு.”

மணி அடித்தது. முடியைச் சுற்றி வந்துவிட்டார். ஆனால் சாப்பிடவில்லை.

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர். அமிலத்தை அளந்து ஊற்றுவதும், குடுவைகளைக் கழுவி அடுக்குவதும், எரிவாயுக் குழாயை மறக்காமல் மூடுவதும் அவருக்குச் சம்பளம் தருகிற வேலைகள். பள்ளியின் கால்பந்து, வாலிபால், ஓட்டப்பந்தய அணிகளுக்குப் போஸ்டர் செய்து பள்ளியின் இணையப் பக்கத்தில் போடுவது சம்பளம் தராத வேலை. இன்றைக்கு எந்த அணியோடு ஆட்டம், எத்தனை மணிக்கு, யார் ஜெயித்தார்கள், யார் நன்றாக ஆடினார்கள் என்று வாரத்துக்கு ஐந்தாறு சதுரப் படங்கள் அந்தப் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் பொருள் அறையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உருவாவது. நான் வரலாறு சொல்லிக்கொடுப்பவன். வரலாற்றுக்குத் தனி அறை கிடையாது என்று முடிவானபோது, என் சுருட்டிவைத்த வரைபடங்களுக்கு அந்தப் பொருள் அறையில்தான் ஒரு மூலை ஒதுக்கினார்கள். கூடவே ஒரு நாற்காலி. ஆறு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து இந்த அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விளையாட்டும் எனக்கு வராது, படமும் வராது. வேடிக்கை பார்க்க நன்றாக வரும்.

அக்கா ஆள் குள்ளம். ஐம்பதை நெருங்குகிற வயது. வெள்ளைக் கோட்டின் வலது கையில் அயோடின் கறை ஒரு தீவைப் போலப் படிந்திருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலுக்குப் பதில் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகியிருப்பார். புதுக் கண்ணாடி வாங்கலாமே என்றால், “இது நழுவாது சார், ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது” என்பார். கோட்டைக் கழற்றாமல் அப்படியே மைதானத்துக்குப் போய்விடுவார். முதல் தடவை பார்க்கிற எதிரணிக்காரர்கள் யாருக்கோ அடிபட்டு டாக்டர் வந்துவிட்டார் என்றே நினைப்பார்கள்.

இந்த வேலை அவரிடம் வந்து சேர்ந்தது அவர் கையெழுத்தால். ஆய்வகப் புட்டிகள் எல்லாவற்றிலும் அவர் கைப்பட எழுதிய சீட்டு இருக்கும். பத்தடி தள்ளி நின்றாலும் படிக்கலாம். ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, மைதானத்துப் பலகையில் ஆட்ட நேரத்தை எழுதித் தரச் சொன்னார். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவர் விசில் வாத்தியார். பலகையில் தொடங்கியது திரைக்கு வந்தது. அக்காவின் மகள், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படம் வெட்டி ஒட்டக் கற்றுக்கொடுத்தாள். “ஏம்மா இப்படிக் கேள்வி கேட்டுக் கொல்ற” என்று அன்று சொன்ன மகள், இப்போது சந்தேகம் வந்தால் அம்மாவுக்குத்தான் போன் செய்கிறாள்.

புட்டியில் சீட்டு ஒட்டிய பழக்கம் போஸ்டரிலும் தொற்றிக்கொண்டது. “பேரு மாறினா ஆளு போயிடும்” என்பது அவருடைய ஒரே தொழில் தர்மம். விசில் வாத்தியார் அனுப்புகிற ஆட்டக்காரர் பட்டியல் பெரும்பாலும் ஏதாவது ஒரு சீட்டின் பின்பக்கத்தில், வியர்வையில் ஊறி, பாதி அழிந்து வரும். எட்டாம் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் அவர் எழுத்தில் வித்தியாசம் கிடையாது. அக்கா அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பயிற்சி நேரத்தில் மைதானத்துக்கே போய், ஒவ்வொரு முதுகாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டு வருவார். “உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல வாத்தியாரே, உங்க பேனா மேலதான்” என்பார். வாத்தியார் அதற்கு ஒரு விசில் ஊதிவிட்டு நகர்ந்துவிடுவார்.

போஸ்டரில் பெயரை இத்தனை கவனமாக எழுதுகிறவர், நேரில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். சட்டையில் இருக்கும் எண்தான். “பதினொண்ணு, வாயை மூடிட்டு நில்லு, பல்லுல ஏதோ ஒட்டியிருக்கு.” “நாலு, உன் ஷூ கயிறு.” பிள்ளைகளுக்கும் அது பிடித்துப்போய்விட்டது. அந்த ஒற்றை முடிக்குச் சொந்தக்காரி, பெண்கள் வாலிபால் அணியின் கேப்டன், ஏழு. பள்ளியிலேயே வளர்த்தியான பெண். படிப்பை முடித்துவிட்டு இந்த வருடத்தோடு போகப்போகிறவள். அவள் அம்மாகூட ஒரு தடவை வீட்டிலிருந்து போன் செய்து, “ஏழு அங்க இருக்காளா?” என்று கேட்டதாகக் கேள்வி.

போஸ்டர் முடிந்ததும் நேராக இணையப் பக்கத்துக்குப் போய்விடாது. முதல் பரிசோதனை வீட்டில். அக்காவின் கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கை கழுவிக்கொண்டிருக்கும்போது அக்கா போனை ஒரு கை தூரத்தில் நீட்டிப் பிடிப்பார். சிக்னல் பச்சையாக மாறுவதற்குள் ஓட்டுநருக்குப் படிக்க முடிந்தால் அது போஸ்டர், இல்லாவிட்டால் வெறும் காகிதம் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். அவர் “ம்” என்றால் பாஸ். “எழுத்து நண்டு மாதிரி ஓடுது” என்றால் அக்கா மறுபடியும் உட்கார வேண்டும். ஒன்பது வருடத்தில் அவர் சொன்ன மிக நீளமான பாராட்டு, “நேரம் தெரியுது.”

இனி, பள்ளியில் எனக்கு மட்டும் தெரிந்திருந்த ஒரு விஷயம்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அக்கா முன்கூட்டியே மூன்று போஸ்டர் செய்துவிடுவார். ஒன்று, இன்று ஆட்டம் என்று அறிவிப்பது. இரண்டாவது, ஜெயித்தால் போடுவது. மூன்றாவது, தோற்றால் போடுவது. பின்னிரண்டிலும் புள்ளிக்கணக்கு எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். ஆட்டம் முடிந்ததும் எண்ணை நிரப்பி இரண்டே நிமிடத்தில் போட்டுவிடுவார். மற்றப் பள்ளிகள் தோற்ற அன்று மூச்சே விடுவதில்லை, அல்லது சாம்பல் நிறத்தில் இரண்டு எண்களை மட்டும் போட்டுவிட்டுப் படுத்துவிடுகின்றன. இவர் தோற்ற அன்றும் முழுப் படத்தோடு போடுவார்.

“தோக்குறதுக்கு முன்னாடியே எதுக்கு இதைச் செய்றீங்க?” என்று கேட்டேன்.

“தோத்ததுக்கு அப்புறம் என் கை ஓடாது சார். அழுதுகிட்டே வெட்டினா மூக்கு கோணிடும்.” மவுஸை நகர்த்திக்கொண்டே, “ஜெயிச்ச அன்னைக்கு எந்தப் படம் போட்டாலும் அழகாத்தான் இருக்கும். தோத்தா போடுற படத்தைத்தான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுத் தேடணும்” என்றார். தலை குனிந்த படம் கூடாது. அழுகிற படம் கூடாது. நிமிர்ந்து, நேரே பார்த்து, இன்னொரு ஆட்டம் இருக்கிறது என்பதைப் போல நிற்க வேண்டும். ஜெயித்த போஸ்டருக்கு ஒரு மணி நேரம் என்றால் தோற்ற போஸ்டருக்கு இரண்டரை மணி நேரம்.

அணி ஜெயித்துவிட்டால் அந்த மூன்றாவது போஸ்டர் பயன்படாமல் போய்விடும். அதை அழிக்க மனம் வராமல், கம்ப்யூட்டரில் ஒரு தொகுப்பில் சேர்த்து வைத்திருந்தார். அந்தத் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் ‘உடைந்த குடுவைகள்’. அந்தப் பெயரைப் பார்த்தால் யார் திறக்கப்போகிறார்கள்? பிள்ளைகளுக்கு இது தெரியவே கூடாது என்று என்னிடமும் சொல்லி வைத்திருந்தார். “ஆட்டத்துக்கு முன்னாடியே வாய் வெச்சுட்டேன்னு நினைச்சுப்பாங்க.”

நினைத்தார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. பெண்கள் வாலிபால் அணிக்கு நான்கு மணிக்கு லீக் ஆட்டம். அதே பிற்பகலில் ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். தேர்வு நேரத்தில் அறையில் இருக்கிற எல்லோருடைய போனும் அலமாரிக்குள் போக வேண்டும், சாவி தேர்வாளரிடம் இருக்கும். மைதானத்துக்குப் போக முடியாது என்பதால், அறிவிப்புப் போஸ்டர் சரியாக நான்கு மணிக்குத் தானாகப் போகும்படி அக்கா காலையிலேயே நேரம் குறித்து வைத்துவிட்டார். மூன்று சதுரங்கள் சின்னச் சின்னதாகத் திரையில் வரிசையாக நின்றன. மூன்றிலும் அதே மெரூன் நிறம், அதே ஏழு, அதே நிமிர்ந்த தலை. அவசரத்தில் விரல் மூன்றாவதின் மேல் பட்டுவிட்டது.

தோற்ற படத்தில் அந்தப் பெண் தலை குனிந்து நின்றிருந்தால் அக்கா உடனே கண்டுபிடித்திருப்பார். அவளைக் குனியவிடாமல் வைத்த குணமே அவரைக் கவிழ்த்துவிட்டது.

சரியாக நான்கு மணிக்கு, முதல் பந்து போடுவதற்கான விசில் ஊதப்பட்ட அதே நிமிடம், எங்கள் பள்ளிப் பக்கத்தில் ஏழு கம்பீரமாக நின்றாள். கீழே, “இன்று கைகூடவில்லை. தலை நிமிர்ந்து திரும்புகிறோம்.” புள்ளிக்கணக்கு இடத்தில் ஒன்றுமில்லை.

பக்கத்தின் கடவுச்சொல் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. விசில் வாத்தியார் ஒரு பையனை அனுப்பினார். போனவன் தேர்வு அறைக் கதவில் நிறுத்தப்பட்டான். நான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிப் பார்த்தேன். வெளித் தேர்வாளர் எழுந்து வந்து, மிகவும் மரியாதையாக, ஜன்னலைச் சாத்தினார். ஐந்து மணி பத்து நிமிடத்துக்குத்தான் அலமாரி திறந்தது. அதற்குள் எதிரணிக்காரர்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்று போனைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். எங்கள் பெண்கள் ஒரு செட்தான் எடுத்தார்கள். மற்ற மூன்றும் போயின. ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் என்று வாலிபால் தெரியாத எனக்கே தெரிந்தது.

போனைத் திறந்து பார்த்த அக்கா அந்த இடத்திலேயே கழுவுத்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் போஸ்டரைப் பக்கத்திலிருந்து நீக்கினார். பிறகு குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார், மறுபடியும் கழுவினார். “முப்பது வருஷமா ஒரு புட்டியில சீட்டு மாத்தி ஒட்டினது இல்ல சார்” என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதன் செய்கிற காரியத்தைச் செய்தேன். வரைபடங்களைத் தூசி தட்டினேன்.

தலைமையாசிரியர் கூப்பிட்டு விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார். அது பெரிதில்லை. லீக்கின் கடைசி ஆட்டம் அடுத்த சனிக்கிழமை. அதில் ஜெயித்தால்தான் மேல் சுற்று, இல்லையென்றால் ஏழுக்கும் அவளோடு படிப்பு முடிக்கிற இன்னும் மூன்று பேருக்கும் அதுவே கடைசி ஆட்டம். அறிவிப்புப் போஸ்டருக்குப் படம் எடுக்க அக்கா புதன்கிழமை மைதானத்துக்குப் போனார். ஏழு பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள். வியாழக்கிழமையும் அப்படியே. ஒன்பது வருடமாகக் காமிராவைப் பார்த்ததும் ஓடி வந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகளின் முதுகை மட்டும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு, நாலு, பதினொண்ணு எல்லா எண்ணும் நன்றாகவே தெரிந்தன. அவர்கள் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டே போய்விடுவார்களோ என்பதுதான் அவர் பயம். அதை வாய்விட்டும் சொன்னார். “மேட்ச் போனா போகட்டும் சார். அந்தப் புள்ள என் மேல கோவத்தோட பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிடக் கூடாது.”

வெள்ளிக்கிழமை, ஆட்டத்துக்கு எட்டு நாள் முன்பு, ஏழு தானாகவே ஆய்வகத்துக்கு வர வேண்டியதாயிற்று. செய்முறைத் தேர்வு முடித்தவர்கள் தங்கள் இழுப்பறைச் சாவியை லேப் அக்காவிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பொருள் அறையின் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தாள்.

“சாவி.”

அக்கா வாங்கி ஆணியில் மாட்டினார். கையெழுத்துப் போட்டார். அவள் திரும்பினாள்.

“படத்துக்கு நிக்க மாட்டியாமே?”

“மாட்டேன்.”

“மத்தவங்களையும் நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டியாமே?”

“நான் ஒண்ணும் சொல்லல. அவங்களாத்தான் நிக்கல.”

நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். மரியாதை தெரிந்தவன் போயிருப்பான். நான் ஒரு வரைபடத்தை விரித்து அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

“தப்புதான்டி. கை மாறிப் போச்சு” என்றார் அக்கா.

“கை மாறினது இருக்கட்டும்க்கா. அதுல என்ன எழுதியிருந்துச்சு?” அவள் குரல் உயரவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. “சர்வீஸ் போடக் கையைத் தூக்குறேன். எதிர்ல ஒருத்தி போனைக் காட்டுறா. அதுல நான் நிக்கிறேன். கீழ, தோத்துட்டோம்னு எழுதியிருக்கு. இன்னும் ஒரு பந்துகூடப் போடல. வேற யாராவது எழுதியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். நீங்க எழுதினதுன்னு தெரிஞ்சதும்தான் பந்து வலையில போய் விழுந்துச்சு.”

அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, ‘உடைந்த குடுவைகள்’ தொகுப்பைத் திறந்தார். இந்த வருடத்து முப்பத்தொரு சதுரங்கள் திரை முழுக்க விரிந்தன.

ஏழு கிட்டே வந்தாள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். அவளே பதினோரு தடவை வந்தாள்.

“இது மழை வந்த அன்னைக்கு ஆடினது இல்ல? இதுல நாம ஒரு செட்கூட விடலையே.”

“ஆமா.”

“இதுக்குமா தோத்த போஸ்டர்?”

“எல்லாத்துக்கும் உண்டு.”

“அப்போ எங்க மேல உங்களுக்கு நம்பிக்கையே கிடையாதா?”

“நம்பிக்கை இருந்துச்சு. பயமும் இருந்துச்சு” என்றார் அக்கா. “தோத்த அன்னைக்கு எவனாவது உங்க மூஞ்சி தொங்கிக்கிட்டு நிக்கிற படத்தைப் போட்டுச் சிரிப்பான். அதுக்கு முன்னாடி நான் போட்டுடணும். அவ்வளவுதான். உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லல.”

ஏழு மறுபடியும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுடைய அந்த ஒற்றை முடி பதினோரு படத்திலும் ஒரு புள்ளி தேயாமல் இருந்தது. அதை அவள் கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அவள் சொன்னது வேறு.

“நல்லாத்தான் இருக்கேன். ஆனா இது நான் இல்லக்கா. எல்லாத்துலயும் சிலை மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கிறேன். தோத்தா நாங்க இப்படியா இருப்போம்? நீங்க போஸ்டர் போட ஓடிடுறீங்க, பார்த்ததில்ல. தரையில விழுந்து கெடப்போம். அழுவோம். அப்புறம் பதினொண்ணு ஏதாவது லூசு மாதிரி சொல்லும், சிரிப்போம்.”

தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். போன மாதம் ஒரு ஆட்டத்தில் தோற்றபின், வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரி எடுத்தது. ஆடிய ஆறு பேரும் ஓடிவந்த இன்னும் இரண்டு பேருமாக எட்டுப் பேர் மைதானத்தில் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து கிடந்தார்கள். ஒருத்தியின் கால் இன்னொருத்தியின் வயிற்றில். முகமெல்லாம் மண். ஏழின் பாதி முகம்தான் தெரிந்தது, அதுவும் வாயைத் திறந்தபடி.

“தோத்தா இதைப் போடுங்க.”

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். அவருடைய விதிகள் எல்லாவற்றையும் அந்தப் படம் ஒரே மூச்சில் மீறியிருந்தது. ஒருத்திகூட நிமிர்ந்து நிற்கவில்லை. நிற்கவே இல்லை. “இதுல யார் தலை, யார் கால்னே தெரியலையே. நான் எங்க இருந்துடி வெட்டுறது?”

“வெட்டாதீங்க. அப்படியே போடுங்க.”

“ஜெயிச்சா?” என்று நான் வரைபடத்துக்கு மேல் தலையை நீட்டிவிட்டேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “ஜெயிச்சா எதை வேணாலும் போட்டுக்கோங்க சார்” என்றாள் ஏழு. வாசலுக்குப் போனவள் நின்று, அக்காவைப் பார்த்துச் சொன்னாள். “இனிமே எங்களுக்குத் தெரியாம எங்களைத் தோக்கவிடாதீங்க.”

திங்கட்கிழமை அணி முழுவதும் படத்துக்கு வந்து நின்றது. யாரும் பழையபடி குதிக்கவில்லை. ஆனால் நின்றார்கள். ஏழு ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு. அக்கா மூன்றே படம் எடுத்துவிட்டு, “போதும், போங்க” என்றார். வழக்கமாக முப்பது எடுப்பவர்.

அந்த வாரம் முழுக்க அவரை அலைக்கழித்தது மூன்றாவது போஸ்டர்தான். இருபது தடவை திறந்திருப்பார். வெட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் கைகள் தவித்ததை நான் பார்த்தேன். மவுஸ் ஒரு முழங்கைப் பக்கம் போகும், நிற்கும், திரும்பி வரும். வியாழக்கிழமை மெதுவாக என்னிடம் ஒப்புக்கொண்டார். “மூலையில ஒரு தண்ணி பாட்டில் கெடந்துச்சு சார். அதை மட்டும் எடுத்துட்டேன். பெருக்காத வீடு மாதிரி இருந்துச்சு.” எழுத்தைப் பொறுத்தவரை, “கைகூடவில்லை”, “தலை நிமிர்ந்து” எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். எட்டுப் பெயரும், புள்ளிக்கணக்குக்கு இடமும் மட்டும் இருந்தன. வீட்டில் கணவர் ஒரு கை தூரத்தில் பார்த்துவிட்டு, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேள்வி கேட்டாராம். “இந்தப் பொண்ணு அழுவுதா, சிரிக்குதா?” தெரியலையே என்று அக்கா சொன்னதும், “அப்போ சரி” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாராம். அக்கா அதை ஏழிடம் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகுதான் போனில் ஏற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை நானும் போனேன். வாலிபால் எனக்குப் புரியாது என்று சொன்னேன் அல்லவா, அன்று புரிந்தது. முதல் செட் அவர்களுக்கு, அடுத்த இரண்டும் எங்களுக்கு, நான்காவது மறுபடியும் அவர்களுக்கு. ஐந்தாவது செட்டில் பதினைந்து புள்ளி எடுப்பவர்கள் ஜெயிப்பார்கள். பதிமூன்றுக்குப் பதிமூன்று வந்தபோது அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்திருப்பது அவருக்கும் தெரியாது. இன்னொரு கை கோட்டுப் பைக்குள், போனின் மேல். அதற்குப் பிறகு இரண்டு புள்ளிகள், இரண்டும் அந்தப் பக்கம். கடைசிப் பந்து ஏழின் விரல்நுனியில் பட்டு வெளியே போய் விழுந்தது.

எங்கள் பெண்கள் அந்தப் படத்தில் இருந்ததைப் போல ஒருவர்மேல் ஒருவர் விழவில்லை. ஆளுக்கொரு பக்கமாகக் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். விசில் வாத்தியார் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே போனார். யாரும் வாங்கவில்லை.

வழக்கமாக இந்த நேரத்தில் அக்கா ஒரு மூலைக்கு ஓடி, எண்ணை நிரப்பிக்கொண்டிருப்பார். இரண்டு நிமிடம் கடந்துவிட்டது. நகரவே இல்லை. போனை எடுத்தார், படத்தைத் திறந்தார், வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கை ஓடாது என்று அவர் சொன்னது உண்மைதான்.

ஏழு எழுந்து, மைதானத்தைக் குறுக்கே கடந்து எங்களிடம் வந்தாள். முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. அழுதிருந்தாள், அதை மறைக்கவில்லை.

“குடுங்கக்கா, நான் போடுறேன்.”

அக்கா திரையைத் தன் கோட்டின் கையில், அயோடின் கறை இல்லாத இடமாகப் பார்த்து, துடைத்துவிட்டு நீட்டினார். ஏழு வாங்கி, தலையைக் குனிந்து, முதல் எண்ணை நிரப்பினாள். இரண்டு. பிறகு அடுத்தது. மூன்று. அனுப்பும் பட்டன் மேல் கட்டைவிரலை வைத்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டு, அழுத்தினாள். மைதானத்தின் அந்தப் பக்கம் மாற்று ஆட்டக்காரியின் பையில் போன் மணி அடித்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். பிறகு பதினொண்ணிடம் காட்டினாள். பதினொண்ணு ஏதோ சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் குந்தியிருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து அந்தப் பக்கம் போனார்கள்.

ஏழு போனைத் திருப்பித் தராமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா அவளை அண்ணாந்து பார்த்தார். வியர்வையில் தலைமுடி முழுக்கப் படிந்திருந்தும், இடது காதுக்கு மேல் அந்த ஒற்றை முடி மட்டும் எழும்பித்தான் நின்றது. அக்கா குதிகாலைத் தூக்கி எக்கி நின்று, அதை ஒரு விரலால் எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினார். கையை எடுத்ததும் அது மறுபடி துள்ளி எழுந்தது. இன்னொரு தடவை செருகக் கையைத் தூக்கியவர், அப்படியே விட்டுவிட்டார்.